ரிவர்ஸ் அக்கா

"பின்னாடி வாங்க டீச்சர். இன்னும் பின்னாடி. ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க. நிறுத்துங்க, நிறுத்துங்க!"

டிரம் ஒன்று உருண்டு ஓடியது.

"பரவாயில்ல. மறுபடி உள்ளே கொண்டு போய் நிறுத்துங்க."

டீச்சருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து இன்றோடு ஆறு நாள். ஆறு நாளும் இதே மைதானம், இதே டிரம்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எதிரே ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கு. நடுவில் இருக்கும் சந்திலிருந்து காரைப் பின்பக்கமாகவே எடுத்து வெளியே வர வேண்டும். ரோட்டை இன்னும் கண்ணில்கூடக் காட்டவில்லை.

பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இந்த அம்மாவுக்கு 'ரிவர்ஸ் அக்கா' என்று ஊரார் சும்மா ஒன்றும் பெயர் வைத்துவிடவில்லை.

டீச்சருக்கு இருந்ததோ இன்னும் பத்தே நாள். பன்னிரண்டு வருஷம் காத்துக் கிடந்து கைக்கு வந்திருக்கும் தலைமை ஆசிரியை பதவி. பள்ளிக்கூடமோ பஸ் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் இருந்தது. கார் ஓட்டத் தெரிந்தால் போய்ச் சேரலாம். இல்லையென்றால் 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

"மாடி வீட்டு நர்ஸ் வேற ஸ்கூல்ல சேர்ந்தா. மூணாம் நாளே மார்க்கெட் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா," என்று நேற்று சாப்பிடும்போது கணவர் ஆரம்பித்தார். "உங்க ரிவர்ஸ் அக்கா நல்லா இழுத்தடிக்கிறாங்க. பொம்பளைங்க தொழில் ஆரம்பிக்கிறதே ஒண்ணு பொழுது போகாம, இல்லேன்னா பேருக்கு. இதுல நீ போய் மாட்டிக்கிட்டே."

டீச்சருக்கும் அது சரியென்றே பட்டது. அந்த அம்மா வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவள் மாதிரி தெரியவில்லை. சொந்த வீடு, சொந்தக் கார். பேங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவள் என்று வேறு கேள்வி. கை நிறைய சம்பளத்தை உதறிவிட்டு வந்தவளுக்கு அடுத்தவள் அவசரம் எங்கே புரியப் போகிறது என்று டீச்சர் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அடுத்த தடவையும் டிரம் உருண்டது. டீச்சர் இன்ஜினை அணைத்தாள். இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"மேடம், நான் நின்னுக்கறேன்."

"ஏன், உட்கார்ந்து கால் மரத்துப் போச்சா?"

"விளையாடாதீங்க. உங்க கிளாஸ்ல இருந்தே நின்னுக்கறேன்."

"இன்னும் ரெண்டே நாள் பொறுங்க. கை வந்துடும்."

"எனக்கு எங்க மேடம் நாள் இருக்கு? நான் முன்னாடி போகணும். பின்னாடியே போய்ட்டு இருக்கிறதுக்கா உங்ககிட்ட வந்தேன்? ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது, தெரியுமா?"

"தெரியும்."

ரிவர்ஸ் அக்கா உருண்ட டிரம்மை நிமிர்த்தி, அதே இடத்தில் அளவு பார்த்து வைத்தாள். அந்த நிதானம் டீச்சருக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி இருந்தது.

"எனக்கு ரிவர்ஸே வேணாம் மேடம். எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். தினமும் காலையில அவரே ஷெட்ல இருந்து காரை எடுத்து, ரோட்டைப் பார்த்து நிறுத்திக் கொடுத்துடறாராம். நான் ஏறி உட்கார்ந்து நேரா போனா போதும். அப்படி ஒரு நல்ல மனுஷன் வீட்ல இருக்கும்போது, நான் எதுக்கு இந்த டிரம்மோட மாரடிக்கணும்?"

எப்போதும் விறைப்பாகவே இருக்கும் அந்த அம்மாவின் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

"எங்க வீட்டுக்காரரும் நல்ல மனுஷன்தான் டீச்சர்."

"இருக்கட்டும் மேடம். அதுக்கும் இதுக்கும் என்ன..."

"நான் ஏன் இந்த ஸ்கூலை ஆரம்பிச்சேன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல. பொழுது போகாமன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எங்க ஷெட் ரொம்பக் குறுகல். இதோ, இந்த டிரம் சந்து அளவுதான். நீ எதுக்குக் கஷ்டப்படறேன்னு ஏழு வருஷமா தினமும் அவரேதான் வெளியே எடுத்து விடுவார். லைசென்ஸ் வாங்குறப்ப ஏதோ ஒப்பேத்தினதோட சரி, அதுக்கப்புறம் நான் ரிவர்ஸ் கியரைத் தொட்டதே இல்ல."

"சரி..."

"ஒரு நாள் காலையில அவரால எடுத்துத் தர முடியல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பின் சீட்ல படுத்திருந்தார். சாவி என் கையில. ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம். இந்தப் பக்கம் இடிக்கிறேன், அந்தப் பக்கம் இடிக்கிறேன், வண்டி வெளியே வரவே மாட்டேங்குது."

"அப்புறம் மேடம்?"

"பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து வெளியே எடுத்துக் கொடுக்கறதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிடுச்சு. அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நேரா, ஒரு தப்பு இல்லாம நானேதான் ஓட்டிட்டுப் போனேன் டீச்சர். அவர்தான் அதுக்கு முன்னாடியே போயிட்டார்."