ஒன்பதாவது ஞாயிறு

ரங்கூன், 2010. கோயில் மண்டபத்தில் ஒன்பதாவது வாரமாகக் கூட்டம். அரசாங்கம் தனியார் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி தரப்போகிறதாம். நம் பிள்ளைகளுக்கென்று தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கலாமா, கூடாதா? குறிப்பெழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"தொடங்கலேன்னா இங்க தமிழ் அழிஞ்சிடும்!" என்றார் தலைவர் ராஜரத்தினம்.

"தொடங்கினா யாரு வந்து படிப்பா?" என்றார் மரக்கடை தியாகராஜன். போன வாரமும் இதையேதான் கேட்டார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, கூட்டம் எப்ப முடியும்?"

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, வாராவாரம் வந்து இதையே கேக்குறே. நம்ம பிள்ளைங்க தமிழ் படிக்கணும்கிற அக்கறையே உனக்கு இல்லையா?"

"இருக்குங்கய்யா. ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு இந்த மண்டபத்துலதான் நடக்கும். பாடம் நடத்துற சயாமா நான்தான்." அவள் வாசல் பக்கம் கை காட்டினாள். "கியாக்தான்லேருந்துகூட பஸ் ஏறி வந்து, ஒம்பது வாரமா பிள்ளைங்க வெளியே நிக்குதுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முக்கியமான விஷயம்தான். அடுத்த ஞாயிறு கூடி இதையும் பேசுவோம்."

குறித்துக்கொண்டேன்.