ஆறாவது கட்டம்

"ஆறு பள்ளிக்கூடம் போடலாம். அஞ்சு போட்டாச்சு. பக்கத்து ரோட்டில இருக்கிறதை ஆறாவதாய்ப் போடட்டே?" மகள் கோசிகாவின் பள்ளி அனுமதி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மடிக்கணினியிலிருந்து தலை நிமிராமலே கேட்டார் கிருபாகரன்.

"வேண்டாம்" என்றாள் வதனி. "மற்றதுகளில இடமில்லையெண்டால், கடைசியாய்ப் போட்டாலும் அதைத்தான் தருவாங்கள்."

"நடந்து போற தூரம். மற்றதுகளுக்கு ட்ராமும் பஸ்ஸும் மாறவேணும் எல்லோ?"

"மாறுவம். அங்க ரெண்டு வகுப்பை ஒண்டாக்கிப் போட்டாங்கள். டீச்சர்மாருக்கு ஸ்ட்ரைக் செய்யவே நேரம் காணாது. பிள்ளையள் இல்லையெண்டு கவுன்சில் பூட்டப்போகுது."

"எல்லாரும் இப்பிடி விட்டால் பூட்டத்தானே செய்வாங்கள்?"

"எங்கட ஒரு பிள்ளையால பூட்டுறது நிக்கப்போகுதே? கோசிகா அதுக்குள்ள போய் மாட்டுப்பட வேண்டாம்."

கிருபாகரன் அவளை ஒரு கணம் பார்த்தார். ஆறாவது கட்டத்தை வெறுமையாக விட்டு, விண்ணப்பத்தை அனுப்பினார்.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியர்கள், 'எங்கள் பள்ளியை மூடாதே' என்ற அட்டைகளோடு குளிரில் நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தமிழ்ப் பெண், மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் சங்கப் பிரதிநிதியிடம் தயங்கியபடி கேட்டாள்.

"மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் போட நாளைக்குக் கடைசி நாள், மிஸ். நீங்கள் இங்க படிப்பிக்கிறனீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். உங்கட மகளுக்கும் இதைத்தானே போட்டிருக்கிறியள்?"

வதனி அட்டையை மறு கைக்கு மாற்றினாள்.

"ஓம்" என்றாள்.

"அப்ப எனக்குப் பயமில்லை, மிஸ். இதை மட்டும்தான் போடப்போறன்."