முகட்டுச் சுவரில் ஒரு வழி

முதல் வெட்டிலேயே கோடாரி பலகையைத் துளைத்துக்கொண்டு ஓடலியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி எட்டிப்பார்த்தது.

"எங்கடி அவன்?" வெளியே படகில் நின்றபடி அல்சீத் கத்தினான். "க்ளோவிஸோட இருக்கேன்னு போன்ல அந்தச் சிரிப்புச் சிரிச்சியே, இப்பச் சிரி பாக்கலாம்!"

போன வருஷம்வரை அவள் புருஷன். அவள் தாடையை உடைத்து, பிறகு கோர்ட்டில் அழுதவன்.

கீழே இறங்க வழியில்லை. புயலோடு வந்த வெள்ளம் வீட்டை நிரப்பி, மச்சுக்கு ஏறும் கடைசிப் படியை நக்கிக்கொண்டிருந்தது. மேலேயும் வழியில்லை. கைமரங்களின் மேல் நெருக்கி அறைந்த பலகையிலிருந்து ஆணி முனைகள் அவள் உச்சந்தலையைக் கீறின.

இந்த லூசியானாக் கரையில் இப்படிப்பட்ட நாளில் கூரையை வெட்டி வெளியேறவே எல்லாரும் மச்சில் ஒரு கோடாரி வைத்திருப்பார்கள். இந்த வீட்டுக் கோடாரியை அல்சீத் பிரிந்து போனபோது வீம்புக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

தச்சன் அவன். கூரைச் சரிவுகளுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் இந்த முகட்டுச் சுவரைத் தரையில் படுக்கவைத்துச் சட்டம் அடித்துத் தூக்கி நிறுத்தியதும் அவன்தான். எங்கே கட்டை, எங்கே வெறும் பலகை என்று வெளியிலிருந்தே தெரியும். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் குறி தவறாமல் வெட்டினான்.

திடீரென்று வெட்டு நின்றது. மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, கை ஓஞ்சு போச்சா?" என்றாள் ஓடலி. "க்ளோவிஸ் இங்க மெத்தையில படுத்துக்கிட்டு உன்னையப் பாத்துச் சிரிக்கிறான்."

குறி தவறி அடுத்த வெட்டில் பக்கத்துக் கட்டையே பிளந்தது. சிலாம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. ஓட்டை வழியாக ஒரு கை வந்து அவள் தலைமுடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் இடித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அந்தக் கையை, பல்லில் எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள்.

அலறிக்கொண்டே கையை உருவியவன் ஓட்டையை இன்னும் அகலமாக வெட்டினான். தோளை நுழைத்து, கோடாரியோடு உள்ளே பாய்ந்தான். அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"உன்னைய அப்புறம் வெச்சுக்கறேன். டேய் க்ளோவிஸ், வெளிய வாடா!"

மறுகோடி இருட்டில் ஒரு மெத்தை புடைத்துக் கிடந்தது. உத்தரம் உத்தரமாகத் தாவிப் போய் அதை வெட்டினான். மறுபடியும் வெட்டினான். பஞ்சுதான் பறந்தது.

அந்தச் சத்தத்தில் ஓடலி ஓட்டை வழியாக நழுவிப் படகில் விழுந்தாள். கயிற்றை அவிழ்த்து, சுவரைக் காலால் உதைத்துத் தள்ளினாள்.

அவன் ஓட்டையில் தலையை நீட்டியபோது படகு எட்டாத தூரத்தில் இருந்தது.

"இங்க யாருமே இல்லையேடி! எதுக்குடி போன் பண்ணி என்னையக் கெளப்பி விட்டே?"

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

"காப்பாத்துன்னு கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியா?"