டெல்டாவா, மசெராட்டியா?

"டெல்டாவோட சாவியைக் குடு."

ஒர்னெல்லா கையை நீட்டியபடி ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே இரண்டு கார்கள், இரண்டுமே எண்பதுகளில் வந்த, டர்போ பொருத்திய வேக வண்டிகள். ஒன்று ஒயின் நிற மசெராட்டி. மற்றது, கதவில் ராலிப் பந்தய எண் ஒட்டி ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக நிற்கும் சிவப்பு லான்சியா டெல்டா.

ஃபவுஸ்தோவுக்கு முகம் சிவந்தது. "ஆறு வருஷமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவ, ராலிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப வர்றியா?"

"விவாகரத்து ஆனப்ப ஜட்ஜ் என்ன சொன்னார்? ரெண்டுல ஒண்ணு எனக்கு, எதுன்னு நான்தான் முடிவு பண்ணணும்னு சொன்னாரா இல்லையா? பண்ணிட்டேன்."

லாவினியா காப்பிக் கோப்பையோடு அப்பாவின் வலப்பக்கம் வந்து நின்றாள். அவர் வேகமாகத் திரும்பியதில் முழங்கை இடித்து, காப்பி அவள் சட்டையெல்லாம் கொட்டியது. "நீ எப்ப வந்தே?" என்றார் திடுக்கிட்டு. கோபத்தில் மனுஷருக்குக் கண்மண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் கோபம் பொங்கியது. பியெல்லாவின் மலைப்பாதை ராலியில் இடப்பக்க ஸ்டீயரிங்கில் அப்பா ஓட்ட, வலப்பக்கம் உட்கார்ந்து அவள் வளைவுகளைப் படித்துச் சொல்வதாக ஏற்பாடு. கடந்த குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வளைவையும் நடந்தே பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள்.

"அம்மா, உனக்கு மசெராட்டிதானே பிடிக்கும்? அதுல உட்கார்ந்துதானே கல்யாணத்துக்கே போனே?"

"அதனாலதான் அது வேணாங்கிறேன்."

"டெல்டால ஏறினா ரெண்டாவது வளைவுலயே வாந்தி எடுப்பே!"

"என் காரு, என் வாந்தி. உனக்கென்ன?"

ஃபவுஸ்தோ கசப்பாகச் சிரித்தார். "உனக்கு இல்லடி இது, உன் புது ஆளு அந்தப் பல் டாக்டருக்கு. டர்போ ஏறினதும் முதுகுல ஒரு உதை விழும் பாரு, அதுல அவன் பல்லே கழண்டுடும்."

"அவராவது பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதை நம்பறவர். உன்னை மாதிரி வீட்டையே வேகமா ஓட்டிக் கவுக்கலை."

ஃபவுஸ்தோ ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தார். "எடுத்துட்டுத் தொலை!"

ஒர்னெல்லா குனிந்து எடுத்தாள். அப்பா இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பார் என்று லாவினியா எதிர்பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய் டெல்டாவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"மசெராட்டியை எடுத்துக்கோ. இல்லேன்னா திங்கக்கிழமை வா, நானே இதைக் கழுவிக் கொண்டு வந்து விடறேன். ரெண்டே ரெண்டு நாள்மா!"

"நகரு, லாவினியா."

"அவர் சந்தோஷமா இருக்கறதை உன்னால தாங்க முடியல. நான் அவர்கூட இருக்கறதையும் தாங்க முடியல. அதானே?"

ஒர்னெல்லா கார்க் கதவைத் திறந்தாள். "எப்படி வேணா நினைச்சுக்கோ."

"இனிமே எனக்கு அம்மா கிடையாது. நீ செத்தாக்கூட நான் வந்து நிக்க மாட்டேன், கேட்டுச்சா?"

ஒர்னெல்லா உள்ளே உட்கார்ந்து கிளப்பினாள். இன்ஜின் இருமி நின்றது, மறுபடி கிளப்பினாள். ஃபவுஸ்தோ வந்து மகளின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

டெல்டா சரிவில் இறங்கியது. கீழே தேவாலயத் திருப்பத்தில் டர்போவின் சீறல் ஒருமுறை கேட்டு, பிறகு அதுவும் அடங்கிப்போனது.

லாவினியா தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"அந்தப் பொம்பளையோட நம்பரை அழிக்கிறேன். நாளைக்கு வீட்டுப் பூட்டையும் மாத்தணும். கிறிஸ்துமஸ், பிறந்தநாள், எதுக்கும் இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? உங்களை இப்படி நோகடிச்சவளுக்கு என்ன மரியாதை?"

ஃபவுஸ்தோ அவள் எதிரில் மெல்லக் குந்தி உட்கார்ந்தார்.

"லாவினியா, எனக்கு வலது கண்ணு போயிடுச்சு. இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ உட்கார்ற பக்கம் பாறை வந்தாலும் தெரியாது, பள்ளம் வந்தாலும் தெரியாது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டு கண்ணும் எப்போதும்போலவே இருந்தன.

"அப்போ... ராலி வேணாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வந்து நிப்பே. வாய் வரல. கார் இங்கேயே நின்னா, எப்படியும் ஓட்டிடலாம்னு எனக்கே ஆசை வந்துடும்."

லாவினியாவின் கையில் போன் அப்படியே இருந்தது.

"அம்மாவுக்கு இது தெரியாதா?"

"தெரியும்மா. நீயே வில்லி மாதிரி வந்து காரைப் பிடுங்கிட்டுப் போயிடுன்னு நான்தான் அவளைக் கெஞ்சினேன்."