கூட்டிப் போட்ட வயசு

பளார்!

அறை விழுந்த வேகத்தில் அந்தச் சிறுமி தடுமாறி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க வச்சு அடிக்காதீங்க!” தலைமை ஆசிரியை பதறி எழுந்தார்.

“அடிக்காம, மடியில வச்சுக் கொஞ்சச் சொல்றீங்களா? இவளால இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்!” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கும்தான். பள்ளி விட்ட நேரத்தில் கேட் பக்கம் ஒரு ஆள் வந்திருக்கிறான். “ஜில்லு! அம்மா வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குல்ல? உன்னை நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்கம்மா” என்று கையைப் பிடித்திருக்கிறான்.

ஜில்லு என்பது வீட்டுச் செல்லப் பெயர். வண்டி சர்வீஸுக்குப் போனது நிஜம். நீச்சல் வகுப்பும் நிஜம். இவளும் நம்பி அவனோடு தெரு முனை வரை போய்விட்டாள். வாட்ச்மேனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “சார், கொஞ்சம் நில்லுங்க. நீங்க யாரு?” என்று குரல் கொடுத்ததும், அவன் கையை உதறிவிட்டு ஓடிவிட்டான்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். “நெட்ல ஏதாவது கணக்கு வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டதும் சிறுமி மறைக்காமல் தலையை ஆட்டினாள். பையிலிருந்த டேப்லட்டை எடுத்து, அவளே திறந்தும் கொடுத்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் அந்த அறை.

“பதினொரு வயசு மேடம் இவளுக்கு! பதினாறுன்னு போட்டிருக்கா பாருங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்!”

“நிஜ வயசைப் போட்டா உள்ளயே விடலைம்மா...”

“எதுக்குடி விடலை? உன் மேல உள்ள அக்கறையாலதான் விடலை! பச்சைப் பிள்ளைங்களோட பேரு, படம், எங்க படிக்குது, எப்ப எங்க போகுதுன்னு கண்டவனுக்கும் தெரியக் கூடாதுன்னுதான் வயசு வரம்புன்னு ஒண்ணு வச்சிருக்கான். எதை வெளிய சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு உன் வயசுல தெரியுமா? எல்லாத்தையும் அங்க கொட்டி வச்சிருக்கே. அவன் அள்ளிட்டு வந்துட்டான்!”

“எங்க பக்கமும் தப்பு இருக்கு. இதைப் பத்தி வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கணும்” என்றார் தலைமை ஆசிரியை.

“நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க? பொத்திப் பொத்தி வளர்க்கிறேன். இவ புத்தி இப்படிப் போகுது!”

இன்ஸ்பெக்டர் டேப்லட்டையே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு இதுல ஒரு படம்கூடப் போடலைம்மா” என்றார் கடைசியில். “பேரும் சொந்தப் பேர் இல்ல. ஸ்கூல், வீடு, எதுவுமே இல்ல.”

“அப்புறம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?”

“இவ பார்த்துக்கிட்டு இருந்தது ஒரே ஒரு பக்கம்தான். ‘ஜில்லுவின் குட்டி உலகம்’. அது யாரோடது?”

அம்மா முகத்தில் சட்டென்று ஒரு தயக்கம். “அது... என்னோடதுதான். பிள்ளை வளர்றதை நாலு பேர் பார்த்து சந்தோஷப்படட்டுமேன்னு...”

“நாலு பேர் இல்லம்மா. நாப்பதாயிரம் பேர்.”

இன்ஸ்பெக்டர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தார். முதலில் இன்று காலைப் படம். யூனிஃபார்மில் ஜில்லு, சட்டையில் பள்ளியின் பெயர் பளிச்சென்று. கீழே, ‘வண்டி சர்வீஸுக்குப் போச்சு! சாயங்காலம் நீச்சல் கிளாஸுக்கு என் செல்லம் எப்படிப் போகும்?’ அதற்கடுத்து நீச்சல் உடையில் ஒரு படம். காய்ச்சலில் வாய் கோணி அழுத படம். தலையில் பேன் எடுக்கும் வீடியோ. அதற்கு மட்டும் ஏகப்பட்ட சிரிப்பு.

தலைமை ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கிளாஸ்ல எல்லாரும் ‘பேன் ஜில்லு’ன்னு கூப்பிடுறாங்க” என்றாள் சிறுமி, யாரையும் பார்க்காமல்.

“இதை என்கிட்ட நேரா சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேனே. ‘எவ்வளவு அழகா இருக்கே, சும்மா இருடி’ன்னு சொல்லிட்டே.”

அம்மாவின் கை போனைக் கவிழ்த்து வைத்தது.

“கணக்கு இருந்தாத்தான் அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்ப முடியும். அதுக்காகத்தான் வயசைக் கூட்டிப் போட்டிருக்கா” என்ற இன்ஸ்பெக்டர் டேப்லட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். “இது உங்களுக்கு வந்ததுதானே?”

‘ப்ளீஸ், இந்தப் படத்தை எல்லாம் எடுத்துடுங்க. அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கலை.’

அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தாள்.

“இது... யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவங்கன்னு நெனச்சேன்...”

“பதிலும் போட்டிருக்கீங்க. படிங்க.”

அம்மா படிக்கவில்லை. அறை வாங்கிய கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சிறுமிதான் சொன்னாள்.

“‘என் பொண்ணுக்குப் பிடிக்கலைன்னு சொல்ல நீ யாரு?’ன்னு கேட்டிருந்தே. நான்தாம்மான்னு டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள என்னை ப்ளாக் பண்ணிட்டே.”