யோகமலரின் மாஸ்க்

எல்ல என்ற மலையூருக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் வாங்கும் டீ-சர்ட்டுகளுக்குப் பதுளைக் கடையொன்றின் பின்னறையில் படம் அச்சடிப்பது கிருஷாந்தியின் வேலை. மை கழுவும் தின்னர் திரவ டின்னைத் திறந்தாலே நெஞ்சு எரியும்.

"மொதலாளி, ஜன்னலத் தொறக்கட்டுங்களா?"

"தூசி விழுந்தா எல்லாம் வீணாப் போயிரும் புள்ள. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு வேலையப் பாரு."

அவளுக்கு முன் அங்கே வேலை செய்த யோகமலர் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். அவளுடைய துணி மாஸ்க் இன்னும் சுவர் ஆணியில் தொங்குகிறது. டின்னைத் திறக்கும்போதெல்லாம், காற்றே இல்லாத அந்த அறையில் அது மெல்ல உப்பி அடங்கும். கிருஷாந்தி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

இன்று டின்னைத் திறந்ததும் அது வேகவேகமாக உப்பி அடங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவளுக்குத் தின்னர் வாடையே வரவில்லை. நெஞ்சும் எரியவில்லை. தன் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளுடைய மாஸ்க் உப்பவும் இல்லை, அடங்கவும் இல்லை.