ஐயாவைப் பார்க்க வந்தவர்கள்

"அந்த ஆணிய இப்பவே கழட்டு மனே," என்றார் சில்வெஸ்டர், வாசிகசாலைச் சுவரைக் கைத்தடியால் காட்டி.

வாசிகசாலைத் தலைவன் அலன் தலையைச் சொறிந்தான். கலண்டர் கொழுவத்தான் அடித்தது என்றான். சுவரில் மாலை போட்ட மூன்று படங்கள் வரிசையாக இருந்தன. நாலாவது ஆணி அதே வரிசையில், அதே இடைவெளி விட்டு அடிக்கப்பட்டிருந்தது.

படங்களில் இருந்தவர்கள் கூத்து அண்ணாவியார், தலைமை ஆசிரியர், விஷக்கடிப் பரியாரி. வாவிக்கரையின் அந்தச் சிறிய ஊரில் பேர் பெற்றவர்கள் என்றால் இவர்கள்தான். மூவரும் தொண்ணூற்று நாலு வயதில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாமவரை அடக்கம் செய்த அன்றே, ஊரின் பெரிய ஆட்களுக்கு அதுதான் எல்லை என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

சில்வெஸ்டர் மீனவர் சங்கத்தைத் தொடங்கியவர். மந்திரிமாரின் பின்னால் அலைந்து ஊருக்கு இறங்குதுறை கட்டுவித்தவர். போன ஐப்பசியில் அவருக்குத் தொண்ணூற்று நாலு நிரம்பியது. தொல்லையும் அன்றே தொடங்கியது.

பல் கட்டப் போனால், இனி என்னத்துக்கு ஐயா என்று பல் வைத்தியர் சிரித்தார். புதுத் தோணிக்குச் சொல்லப் போனால், அடுத்த வருசம் பார்ப்போம் என்று ஓடாவி நழுவினான். சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தால், கடைசிப் பேச்சைப் பதிவு செய்வதுபோல ஃபோனை நீட்டினார்கள். கேட்காமலேயே பங்குச் சுவாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் நோயில் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். சில்வெஸ்டருக்கோ ஒரு தடிமன், தும்மல்கூட இல்லை.

ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். "ஐயாவப் பாக்க வந்தம்," என்பார்கள். அவர் மனைவி ஞானமலர் தேத்தண்ணி கொண்டுவருவார். ஊருக்கு ரோட்டு வருமுன் தோணியில் போய்ப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி அவர். அலன் உட்பட, வந்திருப்பவர்களில் பாதிப்பேரை முதலில் ஏந்திய கை அது. அவர்கள் ஐயாவின் முகத்தையே பார்த்தபடி கோப்பையை வாங்கிக்கொள்வார்கள்.

எல்லாரும் போன பிறகு சில்வெஸ்டர் கத்துவார். ஒருநாள் கதிரையை உதைத்தே விட்டார். தான் செத்தால்தான் இந்த ஊருக்கு நிம்மதி வரும் என்றார்.

"நீங்க சாகமாட்டீங்க. கத்தாதீங்க, நெஞ்சடைக்குது," என்றார் ஞானமலர்.

எனக்கு ஒரு அடைப்பும் இல்லை என்று அதற்கும் எரிந்து விழுந்தார் அவர்.

ஆனால் மனைவியோடு மட்டும் அந்தக் கோபம் நிலைக்காது. இருவரும் சிறுவயதில் ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை வாங்கியவர்கள். அன்று தன் வெள்ளைச் சட்டையில் வாவிச் சேற்றைப் பூசிவிட்டவள் இவள்தான் என்று சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவரே சிரித்துவிடுவார்.

வருடம் எப்படியோ கழிந்தது. பிறந்தநாள் காலையில் ஞானமலர், உடம்பு அலுப்பாகக் கிடக்கிறது, நீங்கள் பூசைக்குப் போய்வாருங்கள், நான் சமைத்து வைக்கிறேன் என்றார்.

பூசை முடிவில் சுவாமி தொண்ணூற்று ஐந்து என்று அறிவித்தபோது கோயில் முழுக்கக் கைதட்டியது. சில்வெஸ்டர் எழுந்து நின்றார்.

"இண்டையோட இந்தக் கதை முடிஞ்சுது. இனி ஒருத்தரும் என்ர மூஞ்சிய வந்து பாக்கத் தேவையில்ல."

சனம் சிரித்தது. அலனும் சிரித்தான், கொஞ்சம் வெட்கத்தோடு. எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, சில்வெஸ்டர் வேகமாக வீட்டுக்கு நடந்தார். வாசல் படலையடியிலேயே மனைவியைக் கூப்பிட்டார். கூப்பிட்டபடியே உள்ளே போனார்.

குசினியில் கறிச்சட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ஞானமலர் பலகையில் இருந்தபடி சுவரோடு சாய்ந்திருந்தார். தொட்டபோது கை குளிர்ந்திருந்தது.

சாப்பாட்டுக்கு வந்தவர்கள் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். ஐயாவுக்கு வந்த கண்டத்தை அம்மா வாங்கிக்கொண்டார் என்று சொல்லி ஒருத்தி அழுதாள். பலர் அதற்குத் தலையாட்டினார்கள்.

மரண அறிவித்தல் போடுவதற்காக அலன் ஃபோனோடு வந்து அவர் பக்கத்தில் குந்தினான். பேரும் ஊரும் எழுதிவிட்டான். ஒன்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"அம்மாக்கு என்ன வயசு ஐயா?"

சில்வெஸ்டர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். ஞானமலர் அவர் பிறந்த அதே வருடம் மார்கழியில், நத்தாரை ஒட்டிப் பிறந்தவர். நத்தாருக்கு இன்னும் நாள் கிடந்தது.

ஒரு வருடமாகத் தன்னைப் பார்க்க வந்த அத்தனை முகங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அலனிடம் திரும்பினார்.

"தொண்ணூத்திநாலு அவவுக்குத்தான் மனே."